திரைக்கு முன் அறையை அளப்போம்

அரிசி வாங்குவோர் அதனைக் கையில் எடுத்துப் பார்ப்பர். புடைவை வாங்குவோர் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பர். ஆயின், பல மாதச் சேமிப்பைக் கொடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும்போது மட்டும், கடையில் எது மிகுதியாக ஒளிர்கின்றதோ அதனையே நம்மவர் பலர் தெரிந்தெடுக்கின்றனர்.

கடை வேறு, வீடு வேறு. கடையில் எரியும் விளக்குகளை வெல்வதற்காகப் பெட்டியின் ஒளியையும் நிறத்தையும் உச்ச நிலையில் வைத்திருப்பர். இரவில் விளக்கைத் தணித்துக் குடும்பத்தோடு திரைப்படம் பார்க்கும்போது அவ்வொளி கண்ணைக் கூசச் செய்யும். ஆதலின் வீட்டிற்கு வந்ததும் பெட்டியைச் 'சினிமா' என்னும் நிலைக்கு மாற்றுதல் நன்று.

முதலில் அளக்க வேண்டியது அறையை. நாம் அமரும் கதிரைக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து, 1.6 ஆல் வகுத்தால், திரைப்படம் பார்ப்பதற்கேற்ற திரையின் மூலைவிட்ட அளவு ஏறத்தாழக் கிடைக்கும். ஏழரை அடி தூரமாயின் 55 அங்குலத் திரை பொருந்தும். ஆறடியாயின் 43 அங்குலமே போதும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது இதற்கும் பொருந்தும். திரையின் நடுப்பகுதி, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தை ஒட்டியிருத்தல் வேண்டும். சுவரில் சுவாமி படத்திற்கு மேலே மாட்டினால் கழுத்துத்தான் நோகும்.

அடுத்தது கருமை. எல்.சி.டி. திரைக்குப் பின்னே விளக்கு எரிகின்றது. அவ்வொளி சிறிது கசிவதால், இருண்ட அறையில் கருமை சாம்பல் நிறமாகத் தோன்றும். ஓ.எல்.ஈ.டி. திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால், நள்ளிரவுக் காட்சி நள்ளிரவாகவே இருக்கும். ஆனால் அதன் விலை அதிகம். மேலும், நாள் முழுவதும் செய்தி ஓடும் வீட்டில், அசையாது நிற்கும் சின்னங்கள் காலப்போக்கில் அதில் தழும்பாகப் படியவுங்கூடும். யன்னல் வெளிச்சம் மிகுந்த அறைக்கும், பகலிற் பார்ப்போருக்கும் எல்.சி.டி. வகையே ஏற்றது.

மூன்றாவது, பலர் அறியாத ஒன்று. திரைப்படம் பொதுவாக ஒரு செக்கனுக்கு 24 படங்களாக எடுக்கப்படுகின்றது. புதிய பெட்டிகள் பல, தாமே புனைந்த படங்களை இவற்றினிடையே செருகி, அசைவை வழவழப்பாக்குகின்றன. பந்தாட்டத்திற்கு இது நன்றாயிருக்கலாம். திரைப்படமோ மலிவான நாடக ஒளிப்பதிவு போலாகிவிடும். 2018இல் நடிகர் ரொம் குரூஸ் இவ்வசதியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கும்படி மக்களை வேண்டினார். 2019இல் படைப்பாளிகளும் தயாரிப்பு நிறுவனங்களும் கூடி, இத்தகைய திருத்தங்களை ஒரே தெரிவில் நிறுத்தும் 'பிலிம்மேக்கர் மோட்' என்னும் ஏற்பாட்டை அறிவித்தனர். வாங்குமுன் அது உண்டா எனக் கேட்டறிக.

திரை முழுவதும் நிறையவில்லையே என வருந்துவோரும் உளர். 1952இல் வந்த 'பராசக்தி' சதுரத்தை அடுத்த வடிவில் எடுக்கப்பட்டது. 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதற் சினிமாஸ்கோப் படம். அது மிக அகன்றது. இன்றைய பெட்டி இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 16:9 வடிவினது. எனவே பக்கங்களிலோ மேலும் கீழுமோ கரும்பட்டை தோன்றுவது இயல்பு. அதனை நிரப்பவென்று இழுத்தால் சிவாஜி கணேசனின் முகமே அகன்றுவிடும்.

மெல்லிய பெட்டியின் ஒலியும் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். வசனத்திற்குப் பேர்போன தமிழ்ப் படங்களைச் சுவைக்க விரும்புவோர், திரையில் சில அங்குலங்களைக் குறைத்தேனும் நல்லதோர் ஒலிபெருக்கிக்குப் பணம் ஒதுக்குவது அறிவுடைமை.

படமாளிகைக்குச் செல்லும் வழக்கம் அருகிவரும் இந்நாளில், நம் பிள்ளைகள் சிறந்த படங்களை முதன்முதற் சந்திப்பது வீட்டுத் திரையிலேதான். அங்கே அவை நிறம் மாறியும் வடிவு திரிந்தும் தோன்றுமாயின், அதுவே கலை என்று அவர்தம் கண் பழகிவிடும். ஆகவே கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்து செல்லுங்கள். கடையில் இருள் சூழ்ந்த காட்சி ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அக்காட்சியில் நிழலில் நிற்பவனின் முகம் தெளிவாகத் தெரியுமாயின், அப்பெட்டியை நம்பி விலை பேசலாம்.