கற்றுக்கொள்ளலாம், பணிந்துகொள்ளலாகாது



விசுவாசியின் வீட்டில் கதைப் புத்தகம் இருக்கலாமா? பிள்ளை திரைப்படப் பாட்டை முணுமுணுத்தால் கண்டிக்க வேண்டுமா? நம் சபைகளில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. பிள்ளைகளுக்கோ வேறொரு கேள்வி உண்டு. அல்சூர் ஏரியின் அருகே நிற்கும் திருவள்ளுவர் சிலையைக் கண்டு, "இதுவும் விக்கிரகந்தானா?" என்று கேட்கிறார்கள். இவையெல்லாம் ஒரே காரியத்தைப் பற்றிய கேள்விகள்: சபைக்கு வெளியே பிறந்த கலையையும் எழுத்தையும் தேவனுடைய பிள்ளை எவ்விதமாய் ஏற்றுக்கொள்வது?

அந்தச் சிலையின் சரித்திரத்தையே முதலில் பாருங்கள். பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1991-இல் அது நிறுவப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் திறக்கப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே காவிரியின் பெயரால் இந்நகரில் கலவரம் மூண்டது. 18 ஆண்டுகள் அந்தக் கவிஞரின் முகம் மூடப்பட்டே இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, அப்போதைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதல்வர் கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். நான்கு நாட்களுக்குப் பின் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒருவர் கவிஞரை மற்றவர் கனம்பண்ணினபோதே அந்த முடிச்சு அவிழ்ந்தது.

இங்கே நமக்கு ஒரு வேதபாடம் உண்டு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன தானியேலையும் அவன் தோழர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களும் நம்மைப்போல் சொந்த ஊரை விட்டு அந்நிய நகரத்தில் குடியேறியவர்களே. கல்தேயரின் எழுத்தையும் பாஷையும் கற்கும்படி அவர்கள் நியமிக்கப்பட்டார்கள், அவர்கள் மறுக்கவில்லை. அந்தக் கல்வியில் அவர்களுக்குச் சாமர்த்தியத்தைக் கொடுத்தவர் தேவனே என்று முதலாம் அதிகாரம் சொல்லுகிறது. ஆயினும் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று தானியேல் தீர்மானம்பண்ணினான். தூரா சமபூமியில் அறுபது முழ உயரமான பொற்சிலை நிறுத்தப்பட்டபோது, அதே மாணவர்களில் மூவர் அக்கினிச்சூளைக்குப் போகவும் ஆயத்தமானார்கள், பணியவில்லை. கற்றுக்கொள்ளுதல் வேறு, பணிந்துகொள்ளுதல் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் முன்னோரான ஊழியர்களும் இந்த வழியிலேயே நடந்தார்கள். சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி. யு. போப் ஐயர், 1870-களில் இதே பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராயிருந்தார். பின்பு இங்கிலாந்து திரும்பி, 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஜெர்மானியரான ஃபெர்டினான்ட் கிட்டல், பாசல் மிஷன் ஊழியராய் வந்து, கன்னடத்தின் பழைய இலக்கியங்களைக் கற்று, 1894-இல் கன்னட-ஆங்கில அகராதியைக் கொடுத்தார். சென்னைக் கடற்கரையில் போப்புக்கும், பெங்களூரில் கிட்டலுக்கும் சிலைகள் உள்ளன. பிறர் மொழியின் நன்மையைப் போற்றியதால் இவர்களுடைய விசுவாசம் குன்றிப்போகவில்லை. அப்போஸ்தலனாகிய பவுலும் அத்தேனேயில் விக்கிரகங்களைக் கண்டு ஆவியில் வைராக்கியமடைந்தார். ஆனால் அதே பட்டணத்தில் பிரசங்கித்தபோது கிரேக்கப் புலவரின் சொல்லை எடுத்தாண்டார். கற்காமல் அதை எப்படி எடுத்திருக்க முடியும்?

ஆகவே பிள்ளைக்குச் சொல்லுங்கள்: ஒரு புலவரை நினைவுகூர நிறுத்தப்பட்ட சிலையைப் பார்ப்பதும், அவர் நூலைப் படிப்பதும் பாவமல்ல. தேவனுக்குரிய ஆராதனையை அதற்குச் செலுத்துவதே பாவம். அப்படிச் செய்ய எவராவது அழைத்தால் மரியாதையாய் விலகி நிற்கலாம்.

ஆனால் பணிதல் என்பது கல்லுக்கு முன் மாத்திரம் நடப்பதல்ல. நடிகரின் கட்அவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞன் பணிகிறான். இரவெல்லாம் கைப்பேசியின் முன் அமர்ந்து, காலையில் ஜெபிக்க நேரமில்லை என்பவனும் பணிகிறான். மொழியும் பொற்சிலையாகக்கூடும். 1991-இலும் 2016-இலும் காவிரியின் பெயரால் இந்நகரில் எரிந்த வாகனங்களை மறந்துபோகாதிருங்கள். மொழியின் மேலுள்ள அன்பு அயலானை வெறுக்கச் செய்யும்போது, அது அன்பல்ல, விக்கிரகாராதனையே. இது தமிழனுக்கும் கன்னடனுக்கும் பொதுவான எச்சரிப்பு.

பெற்றோரே, எல்லாவற்றையும் "உலகம்" என்று சொல்லி அடைத்து வைப்பது எளிது. அப்படி அடைத்த வீட்டில், பிள்ளை கதவுக்குப் பின்னால் தனியே எல்லாவற்றையும் பார்க்கிறான். பகுத்தறிய அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவனோடுகூட அமருங்கள். பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள். இது உண்மையுள்ளதா, கற்புள்ளதா என்று பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தைக்கொண்டு அவனே நிதானிக்கட்டும். தீட்டானதை அவன் தானே மூடிவைக்கக் கற்பதே தானியேலின் தீர்மானம்.

இன்னொரு பாரமும் என் உள்ளத்தில் உண்டு. நம் ஆராதனைகளில் தமிழ்ப் பாடல்களை ஆங்கில எழுத்தில் திரையில் காட்டவேண்டிய நிலை வந்துவிட்டது. பாட்டியின் வேதாகமம் அலமாரியில் இருக்கிறது. பேரனால் அதை வாசிக்க முடிவதில்லை. வாரத்தில் ஒரு மாலையாவது மேசையருகே அமர்ந்து, வேதத்தைக்கொண்டே அவனுக்கு எழுத்துக்களைச் சொல்லிக்கொடுங்கள். அதேபோல் கன்னடத்தையும் கற்கச் செய்யுங்கள், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். குடியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி எரேமியா எழுதினான். பக்கத்து வீட்டாரின் பாஷை தெரியாமல் அவர்களுடைய சமாதானத்தை எப்படித் தேடுவோம்?

கற்க மனத்தாழ்மையையும், பணிய மறுக்க உறுதியையும் ஆவியானவர் தாமே உங்கள் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.