மலையோர ஓடையில் வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? ஆர்.கே.பேட்டை விவசாயிகளுக்கு ஒரு கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பகுதி விவசாயிகளுக்கு இரண்டு பக்கமும் கவலைதான். ஒன்று, ஆந்திர மாநிலத்தில் உள்ள கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் கொசஸ்தலை ஆற்றில் வரும் வெள்ளம். 2021 நவம்பரில் இப்படித்தான் பள்ளிப்பட்டு பகுதியில் தரைப்பாலங்கள் மூழ்கின. மற்றொன்று, அருகிலுள்ள குன்றுகளில் இருந்து திடீரென இறங்கும் ஓடை வெள்ளம். அணை திறப்புக்கு முன்னறிவிப்பு உண்டு. ஓடைக்கு அது கிடையாது. மேலே மழை கொட்டிய சில மணி நேரத்திலேயே தண்ணீர் வயலுக்கு வந்துவிடும்.

பெரிய ஆறுகளில் நீர்மட்டத்தை அளக்க நிலையங்கள் உள்ளன. சிற்றோடைகளில் பெரும்பாலும் இல்லை. அதனால் பொறியாளர்கள் சூத்திரங்களை நம்புகிறார்கள். சென்னை மாகாணத்துக்காக உருவான ரைவ்ஸ் சூத்திரம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நீர்பிடிப்புப் பரப்பு 10 சதுர கி.மீ. என்றால், கடலோரச் சமவெளிக்கான குணகம் 6.8-ஐ வைத்தால் வினாடிக்கு சுமார் 32 கன மீட்டர் வரும். மலையோரத்துக்கான 10.2-ஐ வைத்தால் சுமார் 47 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,670 கன அடி. குணகத்தைத் தவறாக எடுத்தால் பாலத்தின் கண்வாய் மூன்றில் ஒரு பங்கு சிறிதாகிவிடும்.

இந்தச் சூத்திரத்தில் இன்னொரு குறையும் உண்டு. உச்ச வெள்ளம் எவ்வளவு என்று சொல்லுமே தவிர, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லாது. இதற்காகவே மத்திய நீர் ஆணையம் நாட்டை 26 துணை மண்டலங்களாகப் பிரித்து, அளவீடு இல்லாத சிறிய நீர்பிடிப்புகளுக்கும் 25, 50, 100 ஆண்டு வெள்ளத்தை மதிப்பிடும் முறையைத் தந்துள்ளது. உங்கள் ஓடையில் புதிய பாலமோ தடுப்பணையோ கட்டும்போது, எத்தனை ஆண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்திருக்கிறார்கள் என்று கிராம சபையில் கேளுங்கள்.

'25 ஆண்டு வெள்ளம்' என்றால் ஒருமுறை வந்தபின் 25 ஆண்டு நிம்மதி என்று பொருள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அது வர 4 சதவீத வாய்ப்பு உண்டு. 20 ஆண்டு பயன்படுத்த நினைத்து ஓடைக்கரையில் மாட்டுக்கொட்டகை போட்டால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அவ்வெள்ளம் வர 56 சதவீத வாய்ப்பு. பாதிக்கும் மேல்!

விவசாயிகளே செய்யக்கூடியவை:

1. ஒவ்வோர் ஆண்டும் ஓடையில் எட்டிய உச்ச மட்டத்தைப் பாலத்தூணிலோ கரையோரப் பாறையிலோ பெயின்டால் குறித்து, ஆண்டையும் எழுதுங்கள். பழைய மட்டங்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சேருங்கள்.

2. மட்டங்களைப் பெரியதில் இருந்து வரிசைப்படுத்துங்கள். மொத்த ஆண்டுகளுடன் ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுங்கள். 20 ஆண்டுப் பதிவில் நான்காவது பெரிய வெள்ளம் 21÷4, அதாவது சுமார் 5 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது.

3. இந்தக் கணக்கில் முதல் இடத்தை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது. அப்படியொரு மழை உங்கள் 20 ஆண்டுப் பதிவுக்குள் விழுந்தால், அது 21 ஆண்டுக்கு ஒருமுறை வருவதுபோலத் தோன்றும். உண்மையில் அது அதைவிட மிக அரிதாக இருக்கலாம்.

4. ஆற்று வெள்ளத்தையும் ஓடை வெள்ளத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். அணை திறப்பால் ஏறிய மட்டம் உங்கள் குன்றின் மழையைக் காட்டாது.

5. மேலே உள்ள ஏரி தூர்ந்தாலோ, வரத்துக்கால்வாய் ஆக்கிரமிக்கப்பட்டாலோ பழைய கணக்கு செல்லாது. அந்த மாற்றம் நடந்த ஆண்டையும் குறித்து வையுங்கள்.

5 ஆண்டு வெள்ளம் எட்டும் இடத்தில் சம்பா நெல் நட்டால், ஒரு போகம் போனாலும் அடுத்த போகத்தில் மீளலாம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, விதை மூட்டை, கால்நடை ஆகியவற்றை அந்த மட்டத்துக்கு வெகு மேலே வையுங்கள்.