நனைஞ்ச விறகு எரியுமா?

தோழர்களே, கொடுங்கையூர்ல குப்பையை எரிச்சு மின்சாரம் எடுக்கப் போறாங்களாம். கேட்க நல்லாத்தான் இருக்கு!

சென்னையில ஒரு நாளைக்குச் சேருற குப்பை 5,000 டன்னுக்கு மேல. அதுல பெரும்பங்கு ஈரக்குப்பை. மிஞ்சின சாம்பார் சாதம், வாழை இலை, காய்கறித் தோல். நனைஞ்ச விறகை அடுப்புல வெச்சா என்ன ஆகும்? முதல்ல தண்ணியை ஆவியாக்கவே நிறைய வெப்பம் போயிடும். நல்லா எரியுறது பிளாஸ்டிக்கும் காகிதமும்தான். அதைப் பிரிச்சு வித்தா காசு. காயலான் கடை அண்ணனுக்குத் தெரிஞ்ச இந்தக் கணக்கு ரிப்பன் மாளிகைக்குத் தெரியாதா? சரி, எரிச்ச சாம்பலை எங்க கொட்டுவீங்க? போயஸ் கார்டன்லயா?

குப்பையைத் தரம் பிரிச்சே வாங்கணும்னு 2016 விதிகளே சொல்லிடுச்சு. நாம பிரிச்சுக் கொடுத்தாலும் பல தெருக்கள்ல ஒரே வண்டியில ஒண்ணாத்தான் கொட்டுறாங்க. பிரிச்சு வாங்க ஆள் வேணும். அந்தத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேணும்னு கேட்டப்போ, 2025 ஆகஸ்ட்ல நள்ளிரவுல கைது! எரிஉலைக்குப் பணம் இருக்கு, இவங்க சம்பளத்துக்கு இல்லையா?

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்க. உங்க கவுன்சிலர்கிட்ட ஒரே கேள்வி: "நம்ம வார்டுல தினமும் எத்தனை கிலோ குப்பை பிரிச்சு வாங்குறீங்க?" பதிலை கமென்ட்ல போடுங்க.

#எரிஉலைவேண்டாம்