எச்சிற் சோறும் அரசாங்க மானியமும்

உண்டபின் இலையில் எஞ்சிய சோற்றைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர் ஒருநாள் நம் விடுதி உணவறையின் பின்புறம் சென்று, பந்தி முடிந்தபின் அங்கு நிரம்பி நிற்கும் தொட்டிகளை நோக்குவாராக. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும், தோல் எலும்பு முதலிய உண்ணத்தகாதனவும் உட்பட, உலகில் 105 கோடி டன் உணவு கழிவாயிற்று. அதில் ஐந்தில் மூன்று பங்கு வீடுகளிலிருந்து வந்தது. ஆகவே இது நகைத்து விடுதற்குரிய பொருளன்று.

இக்கழிவு காற்றுப் புகாத குப்பைமேட்டினுள் புதைந்து அழுகுமாயின் மீதேன் என்னும் வாயுவைத் தோற்றுவிக்கின்றது. அவ்வாயு புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவினும் பன்மடங்கு வலியது. எளிதில் தீப்பற்றவும் வல்லது. சென்னையை அடுத்த பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலிலும், கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு 2023 மார்ச்சிலும் நாட்கணக்கில் எரிந்து, சூழ வாழ்ந்தோரைப் புகையால் வருத்தின. அதே கழிவைக் காற்றும் ஈரமும் அளவாய்க் கூட்டி மக்கச் செய்தால் எருவாகின்றது. மூடிய கலத்தில் அடைத்து வாயுவைப் பிடித்தால் எரிபொருளும் தருகின்றது. உழுவதைக் காட்டிலும் உரமூட்டுவதைச் சிறப்பித்துக் கூறிய வள்ளுவரைக் கற்கும் நமக்கு எருவின் அருமையை வேறொருவர் உணர்த்த வேண்டுவதில்லை.

எனினும், தனியார் எச்சிலைப் பக்குவப்படுத்தப் பொதுப்பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்று வினவுவார் உளர். வினா நேரியதே. எரு செய்பவன் செலவைத் தான் ஒருவனாய்த் தாங்குகிறான். அதனால் விளையும் தூய காற்றையும் வளமான மண்ணையும் ஊரார் அனைவரும் துய்க்கின்றனர். அவற்றிற்கு விலை கொடுப்பார் எவருமிலர். மேலும், இரசாயன உரத்தின் விலையில் பெரும்பகுதியை அரசாங்கமே தாங்குவதால், துணையில்லாத எரு அதனோடு சந்தையில் போட்டியிட இயலாது. இதுபற்றியே மத்திய அரசாங்கம் 2016-ஆம் ஆண்டில் நகர்ப்புறக் குப்பை எருவிற்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. 2023-ஆம் ஆண்டில் சாண எரிவாயு முதலிய ஆலைகளினின்று வரும் எருவிற்கும் அதே தொகையை வகுத்தது. மானியம் வேண்டும் என்பதே என் கொள்கையும். ஆனால் அது முதலில் எதற்குச் செல்ல வேண்டும் என்பதே யான் ஈண்டு எழுப்பும் வினா.

சென்ற கோடை விடுமுறையில், ஒரு நகராட்சிக் கிடங்கிலிருந்து வந்த எருவை என் தாய்மாமன் தம் வயலோரத்தில் கொட்டி வைத்திருந்தார். ஒரு கையளவு அள்ளி என் முன் விரித்தார். கறுத்த நல்ல மண்ணின் நடுவே ஓர் ஊசிமுனைக் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் நாடாவும் கிடந்தன. “மருமகனே, இந்த வயலில் நாற்று நட வருகிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டா இறங்குவார்கள்?” என்றார். அவ்வெருவை அவர் வயலில் இடவேயில்லை. ஆலையும் இருந்தது; எருவும் வந்தது; ஆயினும் வீட்டு வாயிலில் பிரிக்கப்படாத குப்பையை எந்த எந்திரமும் முற்றத் தூய்மை செய்யவில்லை.

இதற்கு மறுதலையான காட்சியை இந்தூர் நகரில் காணலாம். ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை பணிபுரிந்து, இலைதழையும் சாணமும் மண்ணும் சாம்பலும் அடுக்கி எருவாக்கும் “இந்தூர் முறை”யை வகுத்த ஊர் அதுவே. அந்நகரில் 2022 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கொள்ளும் எரிவாயு ஆலை திறக்கப்பட்டது. நாள்தோறும் ஏறத்தாழ 17,000 கிலோ வாயுவும் 100 டன் எருவும் தருவதற்கென அமைக்கப்பட்டது. அதன் முதலான 150 கோடி ரூபாயைத் தனியார் நிறுவனமே இட்டது. வாயுவில் பாதியேனும் வாங்கிக்கொள்ள மாநகராட்சி உடன்பட்டது. ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் இல்லந்தோறும் வேறுவேறாகப் பெறும் வழக்கம் அங்கு அதற்குமுன்னரே வேரூன்றியிருந்தது. தூய பொருள் தவறாது வரும் என்ற உறுதியே முதலாளியின் பணத்தை ஈர்த்தது என்பது என் துணிபு.

ஆதலின் மானியத்தின் முதற்பங்கு கூடைக்கும், பிரித்த குப்பையைப் பிரித்தவாறே ஏற்றிச் செல்லும் வண்டிக்கும், வீடுவீடாய்ச் சென்று அதனை வாங்கும் தொழிலாளியின் நல்லூதியத்திற்கும் கையுறைக்கும் செல்க. இரண்டாம் பங்கு எருவைச் சோதித்து, குடியானவன் கையில் நம்பிக்கையோடு சேர்ப்பிப்பதற்குச் செல்க. எந்திரத்திற்கு மூன்றாம் இடமே போதும். கட்டடம் கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழாவிற்கும் ஏற்றது. கூடைக்குத் திறப்பு விழா இல்லை. அதனாலேயே அது மறக்கப்படுகின்றது.

அரசாங்கத்திற்கு அறிவுரை கூறும் நாம் நம் உணவறைத் தொட்டியில் எச்சிற் சோற்றோடு காகிதக் குவளையையும் எறிந்துவிட்டு எழுகிறோம். அதனைக் கையால் பொறுக்கிப் பிரிக்கும் ஊழியரும் ஒரு தாய் பெற்ற மக்களே. இலைக்கொரு தொட்டி, ஏனையவற்றிற்கு ஒரு தொட்டி என இரண்டு வைப்பதற்கு எம்மானியமும் வேண்டா. அடுத்த பருவத் தொடக்கத்திலேனும் அவை நம் உணவறையில் நிற்குமாக. பொதுப்பணத்தைப் பற்றிப் பேசும் தகுதி அதன்பின் நமக்கு உண்டாகும்.