இதுகள் எங்கை இடம்பெயருதுகள்?

லுவார் ஆற்றங்கரையில் மூன்று நாள் சைக்கிள் ஓடிவிட்டு மாமா வீட்டுக்குத் திரும்பிய அன்று இரவு, போனில் எடுத்த படங்களை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் ஒரு குடும்பம். தாய், தகப்பன், பத்து வயது மதிக்கக்கூடிய ஒரு பெடியன், தகப்பனின் சைக்கிளுக்குப் பின்னால் கொழுவியிருந்த சின்ன வண்டிலுக்குள் ஒரு குழந்தை. சைக்கிள்களின் இரண்டு பக்கமும் வீங்கிப்போன பைகள். கரியரில் சுருட்டிக் கட்டின கூடாரம். அம்மா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுகள் எங்கை இடம்பெயருதுகள்?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவும் சேர்ந்துதான் சிரித்தார். பிறகு, "தொண்ணூற்றைஞ்சில நாங்களும் இப்பிடித்தான் போனனாங்கள். கூடாரம்தான் இருக்கேல்லை" என்றார். மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டு ரீ போட எழும்பிப் போனார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். அம்மாவுக்கு அன்றைக்குச் சரியாகச் சொல்ல ஏலாமல் போய்விட்டது.

போன ஓகஸ்டில் பெரிய மச்சாளின் கலியாணத்துக்கு நானும் அம்மாவும் பிரான்ஸ் போயிருந்தோம். கலியாணம் முடிய, சின்ன மச்சாள்தான் "வா, சைக்கிளில உலாத்திப்போட்டு வருவம்" என்று கூப்பிட்டாள். இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் தனியாகவா என்று மாமி முகம் சுழித்தா. மச்சாள் பிறந்து வளர்ந்தது அங்கே. அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே விளங்கவில்லை. ரயிலில் ஓர்லேயன் வரை போய், அங்கே இரண்டு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆற்றோடு மேற்கே இறங்கினோம். முதல் நாள் போஜான்சி, இரண்டாம் நாள் ஷாம்போர் மாளிகைப் பக்கம், மூன்றாம் நாள் புளுவா. எல்லாம் சேர்த்து 80 கிலோமீற்றர் சொச்சம். பழகின ஆள் ஒருவர் இதைக் காலைச் சாப்பாட்டுக்கும் பின்னேரத் தேத்தண்ணிக்கும் இடையில் முடித்துவிடுவார். எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 'லுவார் ஆ வெலோ' என்று அதற்குப் பெயர். பிரான்சின் நடுவிலிருந்து அத்திலாந்திக் கடல் மட்டும் கிட்டத்தட்ட 900 கிலோமீற்றர். நாங்கள் போன பகுதியில் கனதூரம் பாதை ஒரு மண் அணையின் மேலே போகிறது. இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிள் ஓடியவர்களுக்கு அந்த உணர்வு தெரியும்: ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தாழ்ந்த வயல், நீங்கள் மட்டும் கொஞ்சம் உயரத்தில். லுவார் அணை வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. பல நூற்றாண்டுகளாக உயர்த்தி உயர்த்திக் கட்டியும், 1856 வெள்ளம் அதைப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. கரையோர ஊர்களில் வெள்ளம் வந்த உயரத்தை வருடத்தோடு சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே.

வாகனமே இல்லாத பாதை என்று சொல்வது முழு உண்மையில்லை. இடையிடையே சின்ன ஊர் வீதிகளில் ஏற வேண்டும். எப்போதாவது ஒரு கார் வரும். வந்தாலும், பின்னால் வேகத்தைக் குறைத்து, இடம் வரும்வரை பொறுமையாக வரும். ஹோர்ன் இல்லை. ஏ9 வீதியில் பஸ் கடக்கும்போது மண்ணுக்குள் சைக்கிளை இறக்கிப் பழகின எனக்கு முதல் நாள் முழுக்கத் தோள் இறுகியே இருந்தது. யாரோ அடிக்கப்போகிறார்கள் என்ற மாதிரி. இரண்டாம் நாள் மத்தியானம்தான் அது விட்டது. விட்ட பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்கியது. ஆற்றுக்கு நடுவில் மணல் திட்டுகள், அதில் நிற்கிற கொக்கு, அக்கரையில் மீன் பிடிக்கிற கிழவர். மேடு இல்லாத நாடு என்று நம்பிப் போகாதீர்கள்: மேடு இல்லாத இடத்தில் காற்றுத்தான் மேடு. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். நாங்கள் போனது மேற்கே!

போஜான்சி கழிய, சமவெளிக்கு நடுவில் இரண்டு பென்னாம்பெரிய கொங்கிரீட் கோபுரங்கள் எழும்பி நிற்கும். சென்-லோரான் அணுமின் நிலையம். நான் போகமுதல் பார்த்த படம் ஒன்றிலும் அது இல்லை. மாளிகையும் திராட்சைத் தோட்டமும்தான் இருந்தன. ஷாம்போர் மாளிகை அழகுதான், 1519 இல் கட்டத் தொடங்கியது, படமெடுத்தோம். எனக்கு மாளிகையைவிட அதன் வேட்டைக் காட்டைச் சுற்றிக் கட்டின 32 கிலோமீற்றர் மதில்தான் மனதில் நின்றது. ஒரு அரசனின் ஓய்வுக்கு இவ்வளவு மதில் தேவைப்பட்டிருக்கிறது.

என் கருத்து இதுதான்: அங்கே ஆறுதலாகச் சைக்கிள் ஓட முடிவது நிலம் தட்டையாக இருப்பதால் மட்டுமில்லை. யாழ்ப்பாணத்தைவிடத் தட்டையான நிலம் எங்கே இருக்கிறது? ஆறுதலாக ஓட நேரம் வேண்டும். அந்த நேரம் வானத்தால் விழுந்ததில்லை. 1936 இல் பிரான்சில் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். லெயோன் புளூமின் மக்கள் முன்னணி அரசாங்கம் ஜூனில் சட்டம் கொண்டுவந்தது: வருடத்துக்கு இரண்டு கிழமை, சம்பளத்தோடு லீவு. அந்தக் கோடையில் ஒரு சைக்கிளில் இரண்டு பேராய் ஏறி ஊர் பார்க்கப் போன சோடிகளின் படங்களை இன்றைக்கும் அந்த வருடத்தின் அடையாளமாகக் காட்டுவார்கள். வாழ்க்கையில் முதற்தரம் கடலைப் பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். இரண்டு கிழமை பிறகு மூன்றாகி, நான்காகி, 1982 இல் ஐந்தானது.

எங்கள் பக்கத்தில் ஓய்வு என்றால் ஒன்றில் சோம்பல், இல்லாவிட்டால் காசுக்காரரின் விளையாட்டு. சைக்கிள் என்றால் ரியூசனுக்குப் போகிற பிள்ளையும் மோட்டார்சைக்கிள் வாங்க வசதியில்லாத மனிசனும். "வேலை வெட்டி இல்லாமல் சுத்துறாய்" என்று வீட்டில் ஏச்சு வாங்காத ஆள் இருந்தால் கை தூக்குங்கள். வேலை வெட்டி இல்லாமல் சுத்துவதற்காகத்தான் ஒரு காலத்தில் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள் என்பதை வளாகத்தில் மூன்று வருடம் வரலாறு படித்தும் நான் இப்படி யோசித்ததில்லை.

பாதைகளும் அப்படித்தான். பேர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை, ரயில் ஓடாமல் கைவிட்ட தண்டவாளத்தைக் கழற்றி, 1997 இல் சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டும் என்று திறந்தார்கள். அங்கே 'பச்சைப் பாதை' என்பார்கள். போர்தோவுக்குப் பக்கத்திலும் ஒரு பழைய ரயில் பாதை அப்படி மாறியிருக்கிறது. 1937 இல் பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் வென்ற ரொஜே லாப்பேபியின் பெயர் அதற்கு. ரயில் பெரிய ஏற்றம் ஏறாது, அதனால் பாதையும் ஏறாது. குழந்தையை வண்டிலில் இழுத்துக்கொண்டும் போகலாம். ஆனால் இதை வெறும் நல்ல கதையாக மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த ஊர்களின் ரயில் செத்தது காரால். கார் இல்லாத ஒரு கிழவிக்கு அந்தப் பச்சைப் பாதை பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஈடாகாது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஊருக்கு வந்தபிறகு வாசித்ததில் தெரிந்தது: 1936 கோடைக்கு நான்கு வருடம் கழித்து, 1940 ஜூனில், ஜேர்மன் படை பரிசை நெருங்க, வடக்கிலிருந்து பல மில்லியன் சனம் தெற்கு நோக்கி ஓடியிருக்கிறது. காரில், மாட்டு வண்டிலில், கைவண்டிலில், சைக்கிளில். எல்லாரும் தாண்டவேண்டியிருந்தது லுவார் ஆற்றை. பாலங்களுக்கு முன்னால் நெருக்கம். மேலே விமானம். எதிரி தாண்டக்கூடாதென்று பாலங்களில் பலதைப் பிரெஞ்சுப் படையே உடைத்தது. நாவற்குழிப் பாலத்தை 95 ஒக்ரோபரில் தாண்டின ஒருவருக்கு இதில் ஒன்றையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டு பக்கமும் பை தொங்குகிற சைக்கிளைக் கண்டதும் அம்மாவுக்கு இடப்பெயர்வு ஞாபகம் வந்தது பகிடியில்லை. அந்த ஆற்றங்கரை பாரமேற்றின சைக்கிளை இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறது.

அந்தக் குடும்பம் எங்கேயும் இடம்பெயரவில்லை, அம்மா. போஜான்சியில் பழைய பாலத்துக்குக் கிட்ட அவர்களைத் திரும்பவும் கண்டோம். பெடியன் தண்ணீருக்குக் கல் எறிந்துகொண்டிருந்தான். இன்றைக்கு எவ்வளவு தூரம் போவீர்கள் என்று மச்சாள் கேட்டதற்குத் தாய்க்காரி தோளைக் குலுக்கினா. பெடியன் களைக்கும் வரைக்குமாம்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்லவேண்டும். மாமா வீடு பரிசுக்கு வெளியே பொண்டியில். வீட்டிலிருந்து பத்து நிமிச நடையில் ஊர்க் கால்வாய் ஓடுகிறது. பரிசுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர 1802 இல் நெப்போலியன் போட்ட உத்தரவால் வெட்டினது. அதன் கரையோடு பரிசிலிருந்து கிளே-சூயி வரை கிட்டத்தட்ட 30 கிலோமீற்றருக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. மாமா பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார். றெஸ்ரோறன்ட் குசினியில் வேலை. சட்டப்படி அவருக்கும் ஐந்து கிழமை லீவு. அதில் ஒன்று கலியாணங்களுக்குப் போகும், ஒன்று லா ஷப்பெல் பிள்ளையார் தேருக்கும் ஆட்களைப் பார்க்கவும் போகும், மிச்சத்தில் வேறு இடத்தில் வேலை செய்வார். கால்வாய்ப் பக்கம் ஒருநாளும் சைக்கிளில் போனதில்லை. "எனக்கெங்கை நேரம்" என்பார். அது பொய்யில்லை. எங்களை ஊரில் படிப்பித்த காசு அந்த நேரத்தில்தான் வந்தது.

அன்றைக்கு மச்சாளின் சைக்கிளில் அவரை ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனோம். வேலைச் சப்பாத்தோடுதான் வந்தார். முதல் பத்து நிமிசம் எங்களைவிட வேகமாக, வேலைக்குப் பிந்தின ஆள் மாதிரி மிதித்தார். பிறகு தானாகவே மெதுவானார். செவ்ரானில் மரங்கள் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எதுமட்டும் போகுது?"

மச்சாள் சொன்னாள். மாமா போனில் நேரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு வேலை. சைக்கிளைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து, அதைக் கீழ் அறைக்குள் வைக்கப்போன மச்சாளைக் கூப்பிட்டு, "பூட்டாதை, வாசலிலயே விடு, திங்கள் எனக்கு லீவு" என்றார்.