காலி பண்ணிக்கிறோம் என்று சொல்ல முடியாதவர்கள்

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்கள் வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் உரிமையாளர் ஒருவரே. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே தண்ணீர்த் தொட்டி. பதினொரு மாத ஒப்பந்தமும் ஒன்றாகவே முடிகிறது. இரு வீட்டாரும் 9,500 ரூபாய் வாடகை கொடுத்து வந்தோம். இம்முறை புதுப்பிக்க 12,000 வேண்டும் என்றார் வீட்டுக்காரர். கீழ்வீட்டு நண்பர் வாசலில் நின்றபடியே, "ஐநூறு ஏத்திக்கங்க சார். இல்லைன்னா அடுத்த மாசம் காலி பண்ணிக்கிறோம்" என்றார். 10,000 ரூபாயில் முடிந்தது. அவர் என்ன சாதி என்று இந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத சாதி.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது பேச்சு வேறாக இருந்தது. "உங்களுக்குன்னு நான் கொடுத்தேன். வேற யாரு கொடுப்பா, நீங்களே சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்கு மாதம் 2,000 ரூபாய் கூடுதல் விலை.

வாடகைப் பேரத்தில் குடியிருப்பவர் கையில் இருக்கும் ஒரே பலம், போய்விடுவேன் என்று சொல்ல முடிவது. அதைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. இந்த வீடு கிடைப்பதற்கு முன் இரண்டு மாதம் அலைந்தது மறக்கவில்லை. போனில் காலியாக இருந்த வீடு, நேரில் போய் நின்றதும் மச்சானுக்குக் கொடுத்ததாகிவிடும். சாதியை நேராகக் கேட்பவர் குறைவு. சொந்த ஊர் எது, ஊருக்குள்ளா வெளியிலா, குலதெய்வம் எது என்று சுற்றி வருவார்கள். முதுகலைத் தமிழ் படித்த எங்களுக்கே இத்தனை வினா வகை நன்னூலில் கிடைக்கவில்லை. கடைசியில் தரகர், "என்ன ஆளுங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தா எனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார். இந்த வீட்டுக்கு வந்த முதல் ஆண்டு அம்பேத்கர் படத்தை முன்னறையில் மாட்டவில்லை. அதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்து, பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்தவர்களால் விரட்டப்பட்டவரின் படம் அது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் மச்சான் கதையை வைத்து எந்தக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிய முடியும்? 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில், வீடு தர மறுக்கும்போது வேலை செய்யும் சாதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அச்சட்டம்; இருவரும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டாலொழிய என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லும் நிலையில் இருப்பவருக்கு அது பாதுகாப்பு. நாங்கள் பத்து மாத முன்பணத்துக்கு "ஒத்துக்கொண்டு" வந்தவர்கள்.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். பதினொரு மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய வழக்கம் இங்கே செல்லாது. நம்மவர்களில் பலர், வீடு கிடைத்ததே போதும் என்று இதைக் கேட்பதேயில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இந்த முறை கேட்டோம். கீழ்வீட்டு வாடகையையே நாங்களும் தருகிறோம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்வோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். கீழ்வீட்டு நண்பர் தன் வாடகை எவ்வளவு என்று மறைக்காமல் சொன்னதால்தான் அப்படி எழுத முடிந்தது. புதுப்பிக்கும் முன் பக்கத்து வீட்டில் இதை விசாரித்து வையுங்கள்.

மறுநாள் வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தார். "வாடகையைப் பேசிக்கலாம். பதிவெல்லாம் எதுக்கு?" என்றார். அவருக்கு வரிக் கவலையோ வேறு கவலையோ தெரியாது. முதல்முறையாகப் பேசிக்கலாம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. இரண்டும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். அம்பேத்கர் இப்போது முன்னறையில்தான் இருக்கிறார்.