முகாமையாளரை மாற்றினாற் போதுமா?

2016ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி உதைபந்தாட்டக் கழகம் பிரீமியர் லீக் வெற்றியைத் தனதாக்கிக்கொண்டது. பருவத் தொடக்கத்தில், அக்கழகம் வெல்லும் என்று ஒரு பவுண் கட்டுவோர்க்கு ஐயாயிரம் பவுண் தருவதாகப் பந்தயக்காரர் அறிவித்திருந்தனர். நடவாது என்று அவ்வளவு உறுதியாக எண்ணப்பட்ட காரியத்தை நடத்திக் காட்டியவர் முகாமையாளர் க்ளோடியோ ரனியேரி என்னும் இத்தாலியர். அவரையே 2017 பெப்ரவரி 23ஆம் நாள் அக்கழகம் பதவியினின்றும் நீக்கிற்று. இடையே பத்து மாதங்கூட நிறையவில்லை.

நீக்கியோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. அந்த லீக்கில் இருபது கழகங்கள் முப்பத்தெட்டு ஆட்டங்கள் ஆடும். இறுதியில் கடை மூன்று இடங்களில் நிற்பவை கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். இறங்கிய கழகத்தின் தொலைக்காட்சி வருமானம் பெரிதும் குன்றும். நல்ல வீரர் விலகுவர். ரனியேரி நீக்கப்பட்ட நாளில் லெஸ்டர் பதினேழாம் இடத்தில், தரமிறக்க எல்லைக்கு ஒரே புள்ளி மேலே நின்றது. லீக்கில் தொடர்ந்து ஐந்து தோல்விகள். 2017 பிறந்த பின் லீக் ஆட்டங்களில் ஒரு கோல்தானும் இல்லை. எஞ்சியிருந்தவை பதின்மூன்று ஆட்டங்கள்.

பின்னர் நடந்ததைக் கண்டோர், நீக்கியதே சரி என்றனர். ரனியேரியின் உதவியாளராயிருந்த க்ரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றதும் அணி லிவர்பூலை மூன்றுக்கு ஒன்று என வென்றது. அவர் கீழ் நடந்த முதல் ஐந்து லீக் ஆட்டங்களிலும் வெற்றியே பெற்றது. பன்னிரண்டாம் இடத்தில் பருவத்தை முடித்தது. ஆனால், அதே ஷேக்ஸ்பியர் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே, அணி பதினெட்டாம் இடத்தில் நிற்க, தாமும் நீக்கப்பட்டார். இவ்விரண்டாம் பகுதியைச் சொல்வோர் அரியர்.

அப்படியாயின் அந்த ஐந்து வெற்றிகள் எங்கிருந்து வந்தன? இங்கே வகுப்பறை அனுபவம் ஒன்று துணைக்கு வருகிறது. வழக்கமாக அறுபது புள்ளி பெறும் மாணவன் ஒரு தவணையில் நாற்பது பெறுகிறான். ஆசிரியர் கண்டிக்கிறார், அடுத்த தவணை மீண்டும் அறுபது வருகிறது. கண்டிப்பின் பயன் என்று ஆசிரியர் மகிழ்கிறார். காய்ச்சலோ, வீட்டுத் தொல்லையோ, வினாத்தாளின் கோணலோ அந்த ஒரு முறை அவனைக் கீழே தள்ளியிருக்கலாம். கண்டியாது விட்டிருந்தாலும் அவன் தன் இயல்பான நிலைக்கே திரும்பியிருப்பான். ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணியும் பெரும்பாலும் தன் தகுதிக்குக் கீழே சென்ற அணியே. மீளும் வேளையில் யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவர் கழுத்தில் மாலை விழுகிறது.

இஃது எம் ஊகம் மாத்திரமன்று. நெதர்லாந்துப் பொருளியலறிஞர் பாஸ் தெர் வேல், 1986 முதல் 2004 வரை அந்நாட்டுக் கழகங்கள் செய்த முகாமையாளர் மாற்றங்களை ஆராய்ந்தார். முகாமையாளரை நீக்கிய கழகங்களை, அதேபோலத் தாழ்ந்தும் நீக்காதிருந்த கழகங்களோடு ஒப்பிட்டார். நீக்கியோரும் மீண்டனர், நீக்காதோரும் மீண்டனர், மாற்றத்தால் விளைந்த தனிப்பயன் தென்படவில்லை.

லெஸ்டர் கழகத்தின் சொந்த வரலாறே இதற்குச் சான்று. 2014-15 பருவத்தில் அவ்வணி நெடுநாள் கடைசி இடத்திற் கிடந்தது. முகாமையாளர் நைஜல் பியர்சன் நீக்கப்படவில்லை. இறுதி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று பதினான்காம் இடத்தில் முடித்தது. 2023 ஏப்ரலில், இரண்டாண்டுக்கு முன் எப்.ஏ. கிண்ணத்தை வென்று தந்த பிரெண்டன் ரொட்ஜர்ஸை நீக்கினர், அணி இறங்கியது. 2024 நவம்பரில் ஸ்டீவ் கூப்பரை நீக்கினர். 2025 ஏப்ரலில் மீண்டும் இறங்கியது. இந்தக் கூப்பரை, 2022 ஒக்டோபரில் கடைசி இடத்தில் நின்ற நொட்டிங்ஹம் பொரஸ்ட் கழகம் நீக்காததோடு, புதிய ஒப்பந்தமும் கொடுத்து வைத்துக்கொண்டது. அப்பருவத்தில் பொரஸ்ட் தப்பியது. இறங்கிய லெஸ்டர், லீட்ஸ், சவுதாம்ப்டன் மூன்றும் பருவ நடுவில் முகாமையாளரை மாற்றியவை.

எதிர்ச் சான்றையும் மறைத்தல் ஆகாது. ஷோன் டைச் என்பவரைப் பேர்ன்லி கழகம் 2015இல் தரமிறங்கியபோதும் விடவில்லை. மறு ஆண்டே அவர் அதனை மேலேற்றினார். 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டம் எஞ்சியிருக்க அவரை நீக்கியது. அடுத்த நான்கு ஆட்டங்களிற் பத்துப் புள்ளி பெற்று அனைவரும் வியக்க நின்ற அணி, பின்னர் தளர்ந்து இறுதி நாளில் இறங்கிவிட்டது. அதே டைச்சை 2023 ஜனவரியில், லம்பார்ட்டை நீக்கிவிட்டு அழைத்துக்கொண்ட எவர்ட்டன் தப்பியது. ஆகவே மாற்றம் ஒருபோதும் உதவாது என்று நாம் வாதிக்கவில்லை. உதவுவதாகத் தோன்றும் இடங்களிற் பெரும்பாலானவை தோற்றமே என்கிறோம்.

பிறகு ஏன் எல்லோரும் அதனையே செய்கின்றனர்? வீரரை வாங்கவும் விற்கவும் உரிய காலம் ஜனவரியோடு முடிந்துவிடும். பெப்ரவரியில் இருபத்தைந்து வீரரை மாற்ற முடியாது. ஒரு முகாமையாளரை மாற்ற முடியும். முதல் ஆண்டு வெற்றிக்கு அச்சாணியாயிருந்த என்கோலோ கான்டே 2016 கோடையிலேயே செல்சிக்குச் சென்றுவிட்டார். அச்சாணி கழன்ற வண்டியின் குற்றத்தைச் சாரதிமேற் சுமத்துவது எளிது. சாரதியைத் தேர்ந்தவர்கள், அச்சாணியை விற்றவர்கள் தம்மைத் தாமே நீக்கிக்கொள்வதில்லை அன்றோ! திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம், ஆராயாது ஒருவரை ஏற்றலையும் ஏற்றபின் அவரைச் சந்தேகித்தலையும் ஒருங்கே கண்டித்து முடிகிறது. மாணவர்க்கு அதனைக் கற்பிக்கையில் நமக்கு மைதானமே நினைவுக்கு வருவதுண்டு.

கேகாலையிலிருந்து வெளிவரும் கல்லூரி மலருக்கு இங்கிலாந்துக் கழகங்கள் எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பாடசாலையில், உதைபந்தாட்டப் பொறுப்பாசிரியர் ஒருவரை அணி மூன்று ஆட்டம் தோற்றதும் மாற்றினார்கள். மாற்றக் கோரிய கடிதத்தில் நாமும் கையொப்பமிட்டோம். அடுத்த ஆட்டத்தில் அணி வென்றது, நாம் கைதட்டினோம்.

அந்த ஆசிரியர் செய்துவந்த வேலை என்னவென்று பின்னரே விளங்கிற்று. மாலைப் பயிற்சி முடிந்தால் மேற்பிரிவுத் தோட்டங்களுக்குச் செல்லும் கடைசி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிட்டே அவர் வீடு திரும்புவார். சனிக்கிழமைகளில் தாய்தந்தையரோடு இறப்பர் மலைக்குப் பால் எடுக்கப் போகவேண்டிய பையன்களுக்காக லயத்துக்கே சென்று அனுமதி கேட்பார். புதியவர் நல்லவர், ஆட்டம் அறிந்தவர், ஆயினும் இவ்வேலை இருப்பதே அவருக்குத் தெரியாது. நாமும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மேற்பிரிவுப் பையன்கள் ஒருவர்பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு பதினொருவர் சேரவில்லை. அணி அந்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றமைக்குக் காரணம், மழைக்காலத்தில் பஸ் ஓடாமையாற் பயிற்சி தடைப்பட்டதே என்று அந்த ஆசிரியர் அப்போதே எழுதிக் கொடுத்திருந்தார். அத்தாளை எம்மில் ஒருவரும் வாசித்ததில்லை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி அணி தோற்கும் பருவங்கள் இனியும் வரும். பொறுப்பாசிரியரை மாற்றுக என்னும் கடிதம் அப்போது உங்களிடையேயும் சுற்றி வரும். கையொப்பமிடுமுன் பயிற்சிக்கு எத்தனை பேர் வருகின்றனர், எத்தனை பேருக்குச் சப்பாத்து இருக்கிறது, பஸ் கட்டணத்தை யார் கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கையில் வேண்டியமட்டும் ஆராயுங்கள். தேர்ந்தபின் மூன்று பருவங்களாவது கொடுங்கள். பொன்விழா நிதியிற் கிண்ணங்களுக்கென ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு பகுதி அந்த பஸ் கட்டணத்துக்குப் போகலாம் என்பது எம் கருத்து.